மூன்று பிளேட்டு அளவு

மண்கும்பான் என்றாலே மணல்தான். பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி தாண்டி வேலணைக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். அந்த வெண்மணல் கண்ணுக்கு அழகு. கார் எஞ்சினுக்கோ எதிரி. காற்றோடு காபரேற்றருக்குள் நுழையும் தூசு மணல், அரம் போல் உள்ளிரும்பைத் தேய்த்துவிடும்.

வாப்பா ஹயர் கார் ஓட்டினார். நயினாதீவுக்குப் போகிறவர்களைக் குறிகட்டுவான் துறையில் இறக்கிவிட்டு வருவார். அவருடைய மொறிஸ் மைனரின் 'டக், டக்' ஓசை ஒழுங்கைக்கு வருமுன்பே கேட்கும். உம்மா அதைக் கேட்டுத்தான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்.

அந்த ஓசைக்கு ஒரு வரலாறு உண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிலேயே இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970க்குப் பின் உதிரிப்பாகமும் அரிதாயிற்று. 1977இல் கதவு திறந்து ஜப்பான் வாகனங்கள் வந்த பின்னரும் ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் ஆகியவை யாழ்ப்பாண வீதிகளை விட்டுப் போகவில்லை. அவற்றை ஓடவைத்தது கராஜ்களின் கைப்பக்குவம்.

வால்வின் தண்டுக்கும் அதைத் தட்டும் றொக்கருக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். சூட்டில் இரும்பு நீளும். நீள இடமில்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. மொறிஸ் மைனர் 1000இல், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், இந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். அதை அளக்கும் தகட்டளவி கைவசம் இல்லாதபோது எங்களூர் மெக்கானிக் சவர பிளேட்டுகளை எடுப்பார். ஒரு பிளேட்டின் தடிப்பு சுமார் 0.1 மில்லிமீற்றர். மூன்றை ஒன்றாக வைத்தால் கணக்குச் சரி. எந்த வால்வு தட்டுகிறது என்று அறிய, நீண்ட திருப்புளியின் பிடியைக் காதோரம் வைத்து, முனையை எஞ்சினில் ஊன்றிக் கேட்பார்.

சில வேளை பிளேட்டு அளவு சரியென்று சொல்லும். சத்தம் மட்டும் போகாது. தேய்ந்த றொக்கர் முகத்தில் சிறு குழி விழுந்திருக்கும். பிளேட்டு அதன் மேல் பாலம் போலக் கிடக்க, உண்மையான இடைவெளி கூடுதலாக இருக்கும். அப்போது றொக்கரைக் கழற்றி எண்ணெய்க்கல்லில் சமமாகத் தேய்ப்பார்.

குறுக்கு வழிகளும் இருந்தன. தடித்த எண்ணெய் ஊற்றினால் ஓசை சில நாள் அடங்கும். இடைவெளியை இறுக்கிவிட்டால் முற்றாகவே அடங்கும். ஆனால் மூடாத புகைபோக்கு வால்வு வெந்து, விளிம்பு கருகி உடையும். "நானா, சத்தத்தை முழுக்க நிப்பாட்டச் சொல்லாதேங்கோ. சத்தம் போடுற வால்வு உயிரோட இருக்குது" என்பார் மெக்கானிக்.

இந்த வைத்தியம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1908 முதல் 1927 வரை வந்த போர்ட் மொடல் டீ காரில் இடைவெளியைத் திருத்தத் திருகாணியே கிடையாது. அங்குலத்தின் 64இல் ஒரு பங்குக்கும் 32இல் ஒரு பங்குக்கும் இடையே அது நிற்கவேண்டும். தேய்ந்தால் பாகத்தை மாற்றவேண்டும். அல்லது தண்டைத் தட்டி நீட்டவேண்டும். அல்லது நுனிக்கு ஒரு தொப்பி மாட்டவேண்டும்.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டது. தீவுப்பகுதி வெறிச்சோடியது. அவ்வாண்டு ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணி நேரமே தரப்பட்டது. வாப்பா காரை விட்டுவிட்டு நடந்தார். நாங்கள் புத்தளம் சேர்ந்தோம்.

பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் அதன் பின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1949இல் வந்த பெர்குசன் உழவு இயந்திரம் ஒன்று இதே முறையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. இந்தக் கார்கள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்ய, றொக்கர்கள் தேய்ந்து ஊரெங்கும் டப்பெற் சத்தம்.

இதை எங்களுக்குச் சொன்னவர் அந்த மெக்கானிக்தான். 2002இல் ஏ9 வீதி திறந்தபின் புத்தளத்துக்கு வாப்பாவைத் தேடி வந்தார். அவரும் தீவை விட்டு இடம்பெயர்ந்தவர். நலம் விசாரித்த கையோடு வாப்பா கேட்டார்:

"மண்ணெண்ணெயில ஓடேக்க டப்பெற் எவ்வளவு வைச்சீங்க?"

"அதே மூண்டு பிளேட்டுத்தான், நானா."

இரவு நெடுநேரம் இருவரும் கார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வீடுகளைப் பற்றி ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை.