தாத்தாவின் கன்னியும் எங்கள் ஜிம்மியும்

ஜிம்மி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. வெள்ளை நிறம், புசுபுசு வால், பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. மாற்றலாகிப் போன குடும்பம் ஒன்று விட்டுச் சென்றது. மறுநாள் விடியும் முன்பே கச்சேரி தொடங்கிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆளேற்றும் வேன் ஹாரன் அடித்தால் குரைப்பு, பால்காரர் வந்தால் குரைப்பு. ஒரு வாரம் பொறுத்த எதிர்வீட்டுத் தம்பி, "அண்ணாச்சி, மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றார். மரியாதையாகச் சொன்னதால் கூடுதலாக உறுத்தியது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள் வீட்டுக்காரி. யாரிடம் கொடுப்பது?

எனக்கு நாய் என்றால் தாத்தா வளர்த்த கன்னிதான். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே செம்பொட்டு, ஒட்டிய வயிறு. வீட்டில் இருப்பதே தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டே ஜிம்மியை அதட்டிக்கொண்டிருந்தேன். இது நியாயமில்லை என்று பிறகுதான் உறைத்தது.

கன்னியும் சிப்பிப்பாறையும் கரிசக்காட்டு முயலுக்காக வளர்ந்த நாய்கள். பருத்தியும் கம்பும் எடுத்தபின் காடு வெட்டவெளி. கண்ணால் பார்த்து, ஓடிப் பிடிக்க வேண்டும். அங்கே குரைத்தால் முயல்தான் உஷாராகும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வேலை போனது. (2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் இருந்தது, எங்கள் கன்னி இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.)

ஜிம்மியின் பரம்பரை வேறு. 1980, 90-களில் நம் ஊர்களில் 'பொமரேனியன்' என்று வாங்கியவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். பொமரேனியா என்பது பால்டிக் கடலோரம், இன்றைய ஜெர்மனி, போலந்துப் பக்கம். வடக்கு ஐரோப்பியப் பண்ணை வீடுகளில் ஸ்பிட்ஸ் வகை நாய்களுக்கு அந்நியர் வந்தால் சத்தம் கொடுப்பதே வேலை. 1888-ல் இத்தாலி போன விக்டோரியா மகாராணி ஃபிளாரன்ஸில் சிறிய பொமரேனியன் ஒன்றை வாங்கினார். அதன்பின் சின்ன நாய்தான் நாகரிகம் என்றானது. உடம்பு சிறுத்தது, தொண்டை சிறுக்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஒன்று சொன்னார்: "நீங்க 'சும்மா இரு'ன்னு கத்துறது, நீங்களும் சேர்ந்து குரைக்கிற மாதிரிதான் அதுக்குத் தோணும்." புது இடத்துப் பயமும் சேர்ந்திருக்கும் என்றார். அதட்டுவதை விட்டேன். தெருப்பக்க ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டினேன். சாயங்காலம் கண்மாய்க்கரை வரை நடை. முக்கியமான வைத்தியம் இட்லி. தூரத்தில் வேன் சத்தம் கேட்டதுமே, அது வாயைத் திறப்பதற்குள் கூப்பிட்டு ஒரு விள்ளல் தருவேன். முதல் பத்து நாள் பலனில்லை; இட்லிதான் தீர்ந்தது. அப்புறம் குரைப்பு குறைந்தது. பரீட்சைக்குள் ஓரளவு அடங்கிவிட்டது.

இப்போது வேன் வந்தால் இரண்டு குரைப்பு; உடனே அடுப்படிக்கு ஓடிவந்து என் கையைப் பார்க்கும். மொட்டைமாடியில் மயில் இறங்கினால் மட்டும் இட்லி எடுபடுவதில்லை.