பி8000 என்ற முகவரி

நீலகிரியில் கணிப்பொறி வரலாறு என்று பேச்செடுத்தால் நான் முத்தோரையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். எங்கள் பைக்காராவிலிருந்து ஊட்டிக்குப் போய், அங்கே இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக வளைந்து கிடக்கிறது ரேடியோ தொலைநோக்கி. ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரிச் சொச்சம். அதே சாய்வுள்ள சரிவாகப் பார்த்துக் கட்டினார்கள் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும். நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டதால், ஒரே அச்சில் சுழற்றியே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். 1970-இல் இயங்கத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கியின் சமிக்ஞைகளைப் பதிவுசெய்ய, வேரியன் 620/ஐ என்ற சிறு கணிப்பொறி அங்கே இருந்தது.

அந்த இயந்திரத்தில் நினைவகத்துக்கு ஒரு முகவரி வரிசை, கருவிகளுக்கு வேறொரு எண் வரிசை. கருவி எண்ணுக்கு ஆறு பிட். ஆக 64 எண்கள்தான். நிரல் எழுதுபவர் கட்டளையிலேயே கருவியின் எண்ணை எழுதுவார். அந்த எண் கம்பி வழியே நேராகக் கருவியைப் போய்த் தொடும். நடுவில் அனுமதி கேட்க ஆளில்லை. ஒரு நேரத்தில் ஒரே நிரல் ஓடும் இடத்தில் யாரிடம் கேட்பது?

அதே 1970-இல் வந்த பி.டி.பி.-11 இந்த இரட்டை வரிசையை ஒன்றாக்கியது. நினைவக முகவரிகளின் உச்சியில் 8 கிலோபைட்டைக் கருவிகளுக்கென்று ஒதுக்கினார்கள். எட்டடி எண்முறையில் 177562 என்ற முகவரியைப் படித்தால், விசைப்பலகையில் யாரோ தட்டிய எழுத்து கையில் வரும். 177566-இல் எழுதினால் அச்சாகும். கருவியைப் பேசவைக்கத் தனிக் கட்டளையே தேவையில்லை. இந்த எண்ணத்தின் அழகு இன்றுவரை எனக்குச் சலிக்கவில்லை.

அதன் ருசியைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கண்டது பி8000-இல்தான். ஐ.பி.எம். பி.சி.யில் வண்ண எழுத்துத்திரையின் நினைவகம் தொடங்கும் இடம் அது. 80 பத்தி, 25 வரி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பைட், அதன் நிறத்துக்கு ஒரு பைட். மொத்தம் 4,000 பைட். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் நான் படித்த கல்லூரி லேபில், டர்போ சி-யில் ஒரு ஃபார் பாயின்டரை அந்த இடத்துக்குத் திருப்பி 'ஏ'-வின் எண்ணான 65-ஐ எழுதுவோம். திரையின் இடது மேல் மூலையில் எழுத்து பளிச்சென்று வந்து நிற்கும். பக்கத்து பைட்டை மாற்றினால் நிறம் மாறும். யாரையும் கேட்காமல் இயந்திரத்தைத் தொட்ட அந்த நொடியில்தான் எங்களில் பலருக்கு இந்தத் தொழில் மேல் ஆசை வந்தது.

சிக்கலும் அங்கேதான். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடி, இரண்டுமே பி8000 தனக்கென்று நினைத்து எழுதினால் திரை என்னாவது?

பெரிய இயந்திரங்களில் இதற்கு விடை முன்பே கிடைத்திருந்தது. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தது ஐ.பி.எம். 370/155. அந்த 370 குடும்பத்துக்காக ஐ.பி.எம். 1972-இல் அறிவித்த வி.எம்./370 என்ற கட்டுப்பாட்டு நிரல், ஒவ்வொரு பயனருக்கும் முழு இயந்திரத்தையே தந்ததுபோல் காட்டும்: அட்டை படிப்பான், அச்சுப்பொறி, வட்டு எல்லாம் மெய்நிகராக. பயனரின் நிரல் 'இந்த முகவரிக்குத் தகவலைக் கொண்டு வா' என்று, கருவிகளோடு பேசும் சேனலுக்குக் கட்டளை எழுதும். ஆனால் அது பயனருக்கு மட்டுமே அர்த்தமுள்ள முகவரி. சேனலுக்குத் தெரிந்ததோ உண்மையான நினைவகம் மட்டும். ஆகவே கட்டுப்பாட்டு நிரல் அந்தக் கட்டளைகளைப் பிரதியெடுத்து, ஒவ்வொரு முகவரியையும் உண்மையானதாக மாற்றி, அந்த முகவரிகள் இருக்கும் நினைவகப் பக்கங்கள் இடம்பெயராமல் பூட்டி, அதன் பிறகே வேலையைத் தொடங்கும். பின்னால் வந்த மெய்நிகர் டிரைவர்களின் அடிப்படை இலக்கணம் முழுக்க இதில் இருக்கிறது.

சின்ன இயந்திரத்துக்கு அந்த வசதி 1985-இல் 80386 சில்லுடன் வந்தது. நினைவகத்தை 4,096 பைட் பக்கங்களாகப் பிரித்து, எந்த முகவரி எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போடலாம். 1990-இல் விண்டோஸ் 3.0 இதை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுபோனது. ஒவ்வொரு டாஸ் நிரலுக்கும் ஒரு மெய்நிகர் இயந்திரம். ஒவ்வொரு கருவிக்கும் கெர்னலில் ஒரு வி.எக்ஸ்.டி., அதாவது மெய்நிகர் கருவி டிரைவர். டாஸ் நிரல் முழுத்திரையில் ஓடினால் அதன் பி8000 உண்மையான திரை நினைவகத்துக்குப் போகும். ஜன்னலுக்குள் ஓடினால் அதே பி8000 சாதாரண நினைவகத்தின் ஒரு பக்கத்துக்குப் போகும். அதில் எது மாறியது என்று பார்த்துத் திரை டிரைவர் ஜன்னலில் வரையும். நிரலுக்கு வித்தியாசமே தெரியாது.

1996 வாக்கில் சென்னையில் நான் செய்த வேலை இதுதான். கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் கதிர்களின் ஓட்டத்தைக் கணக்கெடுக்கும் ஓர் அட்டைக்கு வி.எக்ஸ்.டி. எழுதினோம். மில்லில் இருந்த பழைய டாஸ் நிரலை மாற்ற முடியாது. அது விண்டோஸ் 95-க்குள் ஓடியாக வேண்டும்.

இந்தத் தொழிலின் நெஞ்சு போன்ற நுணுக்கம் ஒன்று உண்டு. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தின் நினைவகம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் தாழ்ந்த முகவரிகளில் தெரியும். அதன் முறை முடிந்ததும் அதே முகவரிகளில் அடுத்த இயந்திரம் வந்துவிடும். அட்டை இன்டரப்ட் அடிக்கும்போது எவருடைய முறை நடக்கிறது என்று சொல்லவே முடியாது. மில் நிரல் கொடுத்த முகவரியை அப்படியே நம்பி எழுதினால், பக்கத்தில் ஓடும் சம்பளக் கணக்கு நிரலின் வயிற்றில் போய் எழுதிவிடும். அதற்காகக் கெர்னல் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தையும் உயர்ந்த முகவரியில் இன்னொரு முறை நிரந்தரமாகக் காட்டி வைத்திருந்தது. அந்தத் தொடக்க எண் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுத் தொகுதியில் இருக்கும். அதை எடுத்து, நிரல் சொன்ன முகவரியோடு கூட்டி எழுத வேண்டும். ஒரே ஒரு கூட்டல். முகவரி என்றால் எண் மட்டுமல்ல, அது யாருடையது, எந்த நேரத்துக்கு உரியது என்பதும் சேர்ந்ததுதான் என்று நான் கற்றது அங்கே.

நினைவகத்தோடு தானே பேசும் டி.எம்.ஏ. கருவிகளுக்குப் பக்க அட்டவணையே தெரியாது. பழைய ஐ.எஸ்.ஏ. அட்டைகளுக்கு இடம் முதல் 16 மெகாபைட்டுக்குள், இடையில் 64 கிலோபைட் எல்லையைத் தாண்டாமல், ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நிரலின் பக்கங்களோ நினைவகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதனால் கெர்னல் தன்னிடமிருந்த தோதான இடத்தில் தகவலை வாங்கிப் பிறகு நிரலுக்கு நகலெடுத்துக் கொடுக்கும். அல்லது பக்கங்களைப் பூட்டும். எங்கள் அப்பா மின்வாரியத்தில் இருந்தவர். "எல்.சி. வாங்கியாச்சா?" என்று கேட்காமல் யாரையும் கம்பத்தில் ஏறவிட மாட்டார். வேலை முடிந்து லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்கும்வரை துணைமின் நிலையத்தில் யாரும் லைனை சார்ஜ் செய்யக் கூடாது. பக்கத்தைப் பூட்டுவதும் திறப்பதும் அதே ஒழுங்குதான். வாங்குவதைப் போலவே திருப்பிக் கொடுப்பதும் முக்கியம்.

ஒழுங்கு தவறிய இடத்தில் வந்தது அந்த நீலத்திரை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள், படித்தவர்கள் குறைவு. மில்லிலிருந்து எஸ்.டி.டி.யில் கூப்பிடுபவரிடம், "சார், ஒவ்வொரு எழுத்தா படிங்க" என்பேன். 0028 என்று வந்தால், பிழை நடந்தது கெர்னலுக்குள். அடுத்த எட்டு இலக்கம் 'சி'யில் தொடங்கினால், 3 கிகாபைட்டுக்கு மேலே, எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான பகுதி. பிறகு வி.எக்ஸ்.டி.யின் பெயர், ஒரு கூட்டல் குறி, இன்னொரு எண். முதல் முகவரியிலிருந்து இந்த எண்ணைக் கழித்தால் டிரைவரின் அந்தப் பகுதி ஏற்றப்பட்ட இடம் கிடைக்கும். கூட்டல் குறிக்குப் பின் வந்த எண்ணை லிங்கர் தந்த மேப் கோப்பில் தேடினால் எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்பது தெரியும். நாலு வரியில் இத்தனை சொன்ன பிழைச்செய்தியை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

2000-இல் வந்த விண்டோஸ் மி.யோடு அந்த வம்சம் முடிந்தது. 2001-இல் வந்த எக்ஸ்.பி. வேறு கெர்னல், அதில் வி.எக்ஸ்.டி.க்கு இடமில்லை. ஆனால் கணக்கு முடியவில்லை. லினக்ஸில் ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கிய வெர்ட்ஐஓ இன்று கிளவுடில் ஓடும் எண்ணற்ற மெய்நிகர் இயந்திரங்களின் வட்டையும் நெட்வொர்க்கையும் சுமக்கிறது. விருந்தாளி இயந்திரத்தின் டிரைவர், தான் உண்மையென்று நம்பும் முகவரியை ஒரு வளைய வரிசையில் எழுதி வைக்கும். வெளியே இருக்கும் நிரல் அந்த விருந்தாளியின் நினைவகம் தன்னிடம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்தத் தொடக்க எண்ணோடு இதைக் கூட்டித்தான் தகவலை எடுக்கிறது.