செவிலியர் பணியில் சட்டப் பொறுப்பு

செவிலியர் தம் தொழிலில் செய்த காரியத்துக்கும் செய்யத் தவறிய காரியத்துக்கும் நோயாளிக்கும், பதிவுக் கவுன்சிலுக்கும், நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கும் நிலை. தமிழகத்தில் இதற்கு ஆதாரமாக நின்றது 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம். அதன்வழி அமைந்த கவுன்சில் பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பதோடு, ஒழுங்கீனம் ருசுவானால் நீக்கவும் அதிகாரம் பெற்றது.

நஷ்டஈட்டு விஷயத்தில், தகுதியற்ற செவிலியர் ஒருவர் இரத்தக் குழாயில் செலுத்திய ஊசியால் ஒரு குழந்தையின் மூளை பழுதுற்ற ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், மருத்துவமனையே பொறுப்பு என 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றவியலிலோ, அஜாக்கிரதையால் மரணம் விளைந்தால் பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவு மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அச்சலுகையின் விளக்கத்தில் செவிலியர் இடம்பெறாமையால், அவருக்குப் பொதுவான 5 ஆண்டு உச்சவரம்பே பொருந்தும்.

சுண்ணாம்புக்குளம் முதலிய பழவேற்காடு ஏரிக்கரைச் சிற்றூர்களிலும் கிராம சுகாதாரச் செவிலியரின் கடமை இதுவே: தடுப்பூசிக் குப்பியின் காலாவதித் தேதியை வாசித்து, அதன்மேலுள்ள வட்டத்தினுள் அமைந்த சிறு சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்திருப்பின் அதனை விலக்கி, நல்லதைச் செலுத்தியபின் தொகுதி எண்ணைப் பதிவேட்டில் எழுதுதல். இத்தகைய பொறுப்பைச் சுமத்தும் அரசே, அதைத் தாங்கத் தக்க ஆள்பலத்தையும் மருந்தையும் வாகனத்தையும் அளிப்பதுதான் நியாயம்.