1909-க்கு ஒரு எஸ்.எம்.எஸ்.

போன மாதம் ஒரு நாள் கோட்டூர்புரத்தில் அம்மா வீட்டுக்குப் பால் வரவில்லை. "நாளை சப்ளை இல்லை" என்று பால் ஆப் முந்தின ராத்திரியே நோட்டிஃபிகேஷன் அனுப்பியிருக்கிறது. "எனக்கு ஒண்ணும் வரலையேடா" என்றார் அம்மா. போனை வாங்கிப் பார்த்தேன். நெய் ஆஃபர், பனீர் ஆஃபர் தொல்லை தாங்காமல் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருக்கிறார். ஆப்புக்குள் இருப்பதே ஒரே ஒரு பொத்தான்தான். வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை!

இது நமக்குப் புதிதில்லை. 2007-ல் டிராய் கொண்டுவந்த 'டூ நாட் கால்' பதிவேடும் இப்படித்தான். பதிந்தால் எந்த விளம்பரமும் கூடாது, பதியாவிட்டால் எல்லாமே வரும். அடுத்த விதிகள் 2011 செப்டம்பர் 27-ல் அமலுக்கு வந்தன. வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி, உடல்நலம், நுகர்பொருள், தகவல்தொடர்பு-பொழுதுபோக்கு, சுற்றுலா என்று ஏழு வகை. 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, வேண்டிய வகையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தி.நகர் ஆடித் தள்ளுபடி வேண்டும், மனை விற்பனை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பணம் எடுத்த தகவல், ரயில் டிக்கெட் தகவல் போன்றவற்றை அந்த விதிகள் விளம்பரத்திலிருந்து தனியே பிரித்தன. எல்லா விளம்பரத்தையும் தடுத்தவருக்கும் அவை வந்தன. ஓட்டையும் இருந்தது: பதிவு செய்யாதவர்கள் சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்து விளம்பரம் அனுப்பினார்கள். அதனால்தான் 2018 விதிகள், எந்த வாசகம் எந்த வகை என்பதையே முன்கூட்டிப் பதியச் சொல்லின.

ஆப்கள் இதே பாதையில் தாமதமாக வந்தன. ஐபோனில் புஷ் நோட்டிஃபிகேஷன் வந்தது 2009-ல். ஒரு ஆப்பின் செய்திகளை வகைவகையாகப் பிரிக்கும் 'சேனல்' ஏற்பாடு ஆண்ட்ராய்டில் வந்தது 2017-ல், எட்டாம் பதிப்பில். ஒரு சேனலை உருவாக்கிய பிறகு அதன் ஒலியை ஆப் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அந்த உரிமை போன் வைத்திருப்பவருக்குத்தான். ஆனால் சேனல்களைப் பிரிப்பது ஆப் எழுதுபவர். நெய்யையும் 'சப்ளை இல்லை'யையும் அவர் ஒரே சேனலில் போட்டால் அம்மா என்ன செய்வார்?

பால் வராதது சின்ன விஷயம். ஆனால் அந்த வீடு அடையாற்றங்கரையில் இருக்கிறது. 2015 டிசம்பர் 1-ல் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது மூழ்கிய பகுதி அது. 2023 அக்டோபர் 20-ல் தமிழ்நாட்டுப் போன்களில் ஓர் எச்சரிக்கை ஒத்திகை அலறியது நினைவிருக்கும். செல் பிராட்காஸ்ட் என்ற அந்த முறைக்கு நம்பர் பட்டியல் தேவையில்லை. டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும். அதன் பலம் அதை அபூர்வமாகப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது. நாளைக்கு அதிலும் அற்ப விஷயங்களை அனுப்பினால் ஜனங்கள் அதையும் அணைக்க வழி தேடுவார்கள்.

ஆப் எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது: டெலிவரி, பில், ஆஃபர் என்று மூன்று பொத்தான் வையுங்கள். ஆஃபரை டெலிவரி என்று பெயர் மாற்றி அனுப்பாதீர்கள்.

அம்மா போனில் நோட்டிஃபிகேஷனைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன். சாயங்காலமே நெய் ஆஃபர் வந்ததாம்.