ஏலக்காய் டீயும் ஜே.சி. குமரப்பாவின் கணக்கும்

இன்னைக்கு எபிசோடு ஒரு டின் கோகோவுல ஆரம்பிக்குது.

1930கள்ல ஜே.சி. குமரப்பா கிராமத் தொழில்கள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு கணக்கு வருது. கடையில் ஒரு டின் கோகோ வாங்குறோம்னு வச்சுக்கோங்க. அந்தக் கொட்டை மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பில் எடுத்ததா இருக்கலாம். அது வந்த கடல்வழி ஆயுத பலத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. இங்கிலாந்து ஃபேக்டரியில் அடிமாட்டுக் கூலிக்கு ஆட்கள் வேலை செஞ்சிருக்கலாம். கடைசியில், ஆள்பவர்களுக்குச் சாதகமான சுங்க வரியில் அது இந்தியாவுக்குள்ள வருது. இதில் எதுவுமே விலைச்சீட்டில் இல்ல. ஆனா அந்த டின்னை வாங்கினவருக்கு இது எல்லாத்திலும் பங்கு இருக்குன்னு சொல்றார் குமரப்பா.

நம்ம ஆட்களுக்கு இது சுலபமா புரியும். ஒரு லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணினா, அது பின்னாடி இழுத்துட்டு வர்ற அத்தனை டிபென்டென்சியும் நம்ம பொறுப்புதானே?

இந்தக் கணக்கில் பாதி பொருளாதாரம். மீதி பாதி பைபிள்.

குமரப்பா 1892-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போ பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படிச்சு, பம்பாயில் கோட்டும் சூட்டுமா தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வறுமைக்கும் அரசாங்க நிதிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. கோட்டு போய் கதர் வந்தது. கொர்னேலியஸ் போய், குமரப்பா என்ற பழைய குடும்பப் பெயர் வந்தது.

மதத்தை மட்டும் அவர் மாத்திக்கல. அங்கேதான் சிக்கலே. 1930-ல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தப்போ, இந்தியாவின் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் ஃபாஸ் வெஸ்காட் சட்டமறுப்புக்கு எதிரா பேசினார். குமரப்பா அவருக்கு வெளிப்படையா பதில் எழுதினார். மலைப்பிரசங்கத்தை நம்புறவங்க தடியடி படுறவன் பக்கம் நிக்கணுமா, தடி வச்சிருக்கவன் பக்கம் நிக்கணுமா என்பதுதான் அந்த வாதத்தோட சாரம். தன் சொந்தச் சபையின் தலைவரோட இப்படி மோதுறது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்ல.

வசனம் பேசுறது ஒண்ணு, கணக்கு எழுதுறது இன்னொண்ணுன்னு அவர் பிரிக்கவே இல்ல. 1934 பீகார் பூகம்ப நிவாரணத்தில் நிதிக் கணக்கு அவர் பொறுப்பு. காந்தியோட குழுவுக்கு ஆகிற செலவைக்கூட நிவாரணப் பணத்திலிருந்து தர முடியாதுன்னு அவர் சொன்னதா ஒரு சம்பவம் உண்டு. அந்தப் பணம் வீடிழந்தவங்களோடது. விஷயம் அவ்வளவுதான்.

வெள்ளையனே வெளியேறு காலத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபடி ரெண்டு புத்தகம் எழுதினார். ஒண்ணு இயேசுவின் வாழ்க்கையும் போதனையும் பற்றியது, இன்னொண்ணு நிலைத்த பொருளாதாரம் பற்றியது. ரெண்டுமே 1945-ல் வந்தது, ரெண்டுக்கும் காந்தி முன்னுரை. ஒண்ணுக்கு ‘டாக்டர் ஆஃப் டிவினிட்டி’, இன்னொண்ணுக்கு ‘டாக்டர் ஆஃப் வில்லேஜ் இண்டஸ்ட்ரீஸ்’ன்னு பாதி விளையாட்டா பட்டமும் கொடுத்தார்.

சுதந்திர இந்தியா பெரிய ஆலைகள் பக்கம் போச்சு. குமரப்பா 1950கள்ல மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் காந்திநிகேதன் ஆசிரமத்துக்கு வந்தார். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் காலமானார்.

கல்லுப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கு போடிநாயக்கனூர். கோகோ டின் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம், ஏலக்காயை வச்சு.

விடியுறதுக்கு முன்னாடியே ஜீப்கள் ஆட்களை நெருக்கி ஏத்திக்கிட்டு போடிமெட்டு வளைவுகள்ல ஏறுது. இடுக்கி ஏலத்தோட்டங்கள்ல காய் எடுக்கப் போறவங்கள்ல நிறையப் பேர் பெண்கள். எடுத்த காய் ஸ்டோரில் காய்ஞ்சு, நிறமும் பருமனும் பார்த்துப் பிரிச்சு, ஸ்பைசஸ் போர்டு மின்ஏலத்துக்கு வருது. ஏலம் ஏலத்தில் போய், நம்ம கிளாஸ் டீயில் விழுது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதிச்சப்போ, இந்தத் தொழிலாளர்கள் பலர் உயிருக்குப் பயந்து காட்டுவழியா கீழே இறங்கினாங்க. வேலை நின்னா அன்னைக்குக் கூலி இல்ல.

மத்தேயு 20-ல் இயேசு சொல்ற கதையும் தோட்டக் கூலி பற்றியதுதான். திராட்சைத் தோட்டக்காரர் காலையில் கொஞ்சம் பேரைக் கூப்பிடுறார். வேலை கிடைக்காம சாயங்காலம் வரை சந்தையில் நின்னவங்களையும் கூப்பிடுறார். எல்லாருக்கும் ஒரே முழுநாள் கூலி. இதைக் கடவுளோட கருணைன்னு பிரசங்கத்தில் கேட்டிருப்போம். குமரப்பா மாதிரி ஒரு ஆடிட்டர் கண்ணால பார்த்தா, அந்தக் கூலி ஒரு குடும்பத்தோட அன்றைய சாப்பாடு. ஒரு மணி நேரம் வேலை செஞ்சவன் வீட்லயும் ராத்திரி பசிக்கும்.

இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்திலும் இதே கணக்கு இருக்கு. அன்றாட ஆகாரத்தைக் கேட்கிற இடத்தில் ‘எனக்கு’ன்னு வரல, ‘எங்களுக்கு’ன்னு வருது. அந்த ‘எங்க’ளுக்குள்ள ஜீப்பில் ஏறுறவங்க இருக்காங்களா?

அப்போ ஏலக்காய் வாங்காம விட்டுடலாமா? விட்டா முதல்ல போறது அவங்க கூலிதான். தயாரிச்சவங்க முகம் தெரியுற தூரத்தில் பொருள் வாங்குங்க என்பதுதான் குமரப்பா சொன்ன வழி. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நமக்கு அது கஷ்டம். ஆனா கேள்வி கேட்கலாம். கூலி எவ்வளவு, ஜீப்பில் எத்தனை பேர், அடிபட்டா யார் பொறுப்புன்னு ஒரு பிராண்டை, ஒரு கடையைக் கேட்கலாம்.

நீங்க சபைக்குப் போறவரோ இல்லையோ, இதைக் கேட்க ஞானஸ்நானம் தேவையில்ல. ஆனா அந்த ஜெபத்தைத் தினமும் சொல்றவங்களுக்கு, கேட்காம இருக்கிறது கஷ்டம்னுதான் குமரப்பாவோட வாழ்க்கை காட்டுது.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.