சாவு வீட்டுப் படம்

முன்கூடத்து நிலைக்கு மேல் ஆணியில் சற்றே முன்சாய்ந்து தொங்கிக்கொண்டு, அந்த வீட்டுக் கல்யாணங்களையும் பாகப்பிரிவினைகளையும் மூன்று தலைமுறைக் காலம் பார்த்துவந்த சாவு வீட்டுப் படம் காலமாகிவிட்டது. அது போன நாள் இன்னதென்று யாருக்கும் நினைவில்லை. வெள்ளையடிக்க இறக்கியபின் மாட்டப்படாமல் பரணுக்குப் போனவை உண்டு, வீடு இடிபட்டபோது எந்த மகன் எடுத்துச் சென்றான் என்று தெரியாமல் போனவையும் உண்டு. ஆனால் அதன் முகம் நமக்கு மறக்கவில்லை. நடுவே நாற்காலியில் மாலையோடு அமர்த்தப்பட்ட பெரியவர், தாடையைத் தாங்கி உச்சியில் முடியப்பட்ட வெள்ளைத்துணி, நெற்றியில் காசு, இரு புறமும் பிள்ளைகளும் மருமக்களும், தரையில் சம்மணமிட்ட பேரப்பிள்ளைகள். அவர் ஒருவரைத் தவிர எல்லோரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள்.

அதன் பூர்வீகம் இந்த மண் அல்ல. 1839இல் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒளிப்பட வித்தை சீக்கிரமே கப்பலேறி வந்தது; 1856இல் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் ஒளிப்படக் கலைக்கென ஒரு சங்கமே ஏற்பட்டது. கோபுரங்களையும் மண்டபங்களையும் துரைமார் குடும்பங்களையும் எடுத்துப் பழகிய அந்தப் பெட்டி, இருபதாம் நூற்றாண்டு பிறந்து ஊருக்கு ஊர் ஸ்டுடியோக்கள் முளைத்த பிறகே நம் தெருக்களுக்குள் வந்தது. ஐரோப்பியர் இறந்த தம் குழந்தைகளைத் தூங்குவதுபோல் கிடத்திப் பெரும்பாலும் தனியே படமெடுத்துக்கொண்டார்கள். இங்கே அந்த வழக்கம் சாவுப் பந்தலுக்குள் நுழைந்ததும் உறவு முழுவதையும் கூட்டிச் சேர்த்துக்கொண்டது.

படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று நம்பிய தலைமுறை அது. கேமராவைக் கண்டால் கொல்லைப்பக்கம் போய்விட்ட பாட்டனாரும், கல்யாண கோஷ்டிப் படத்தில் வேண்டுமென்றே தூணுக்குப் பின்னால் நின்ற பாட்டியும் அந்தப் பெட்டியின் முன் மறுப்பின்றி உட்கார்ந்தது அந்த ஒரு நாளில்தான். குறைவதற்கு இனி ஆயுள் இல்லை. எத்தனையோ பேருக்கு அதுவே முதல் படம், அதுவே கடைசியும். எழுபது வருடம் வாழ்ந்த ஒருவரின் முகத்துக்கு உலகில் இருந்த ஒரே சாட்சி, அவர் இறந்த பின் எடுக்கப்பட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை.

அது பிறந்த விதம் சொல்லப்பட வேண்டியது. சேதி சொல்லப் போகும் ஆட்களில் ஒருவன் ஸ்டுடியோவுக்கும் போவான். எடுப்பதற்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்புவான். ஸ்டாண்டையும் பெட்டியையும் கறுப்புத் துணியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவருக்கு வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்பதால், உடலை வாசலுக்கு, பந்தலின் விளிம்புக்குக் கொண்டுவருவார்கள். நாற்காலியோடு அக்குளுக்குக் கீழே ஒரு துண்டைச் சுற்றிக் கட்டி அதை மாலையால் மறைப்பதும், தலை சாய்ந்துவிடாமல் பின்னால் ஒருவரை மறைவாக நிற்கவைத்துத் தாங்கச் சொல்வதும் அவருக்குத் தெரியும். சுமங்கலியாகப் போனவள் என்றால் கூறைப்புடவை, தலை நிறையப் பூ, பெரிய குங்குமப் பொட்டு. பக்கத்திலே கணவரையும் உட்கார வைத்துவிட்டால், விவரம் தெரியாதவர்கள் அதைக் கல்யாணப் படம் என்றே எண்ணிவிடுவார்கள். எல்லாம் சரியான பின், துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, யாரும் ஆடாதீர்கள் என்பார். பறை நிற்கும். ஒப்பாரி நிற்கும். லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டும் அந்தச் சில நொடிகளுக்கு அழுகையைக்கூட அடக்கிக்கொண்டு நின்ற கூட்டம், முடிந்தது என்று அவர் கையசைத்ததும் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கும். எவ்வளவு அடக்கினாலும் யாராவது ஒருவர் அசைந்துவிடுவார். வாயில் முந்தானை பொத்திய கை, திரும்பிப் பார்த்த குழந்தையின் தலை, புகைபோலக் கலைந்து விழும். அந்தப் படங்களில் சிறிதும் கலங்காமல், மயிர்க்காலும் தெரியத் தெளிவாக இருப்பவர் இறந்தவர் மட்டுமே.

அது செய்த ஊழியத்தில் முதன்மையானது, வரமுடியாதவர்களுக்குச் செய்தது. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் இருந்த பிள்ளைகளுக்குத் தந்தி போய்ச் சேரும்போதே காரியம் முடிந்திருக்கும். அட்டையில் ஒட்டித் தபாலில் போன ஒரு பிரதிதான் அவர்களுக்கு நீர்மாலை, வாய்க்கரிசி எல்லாம். தகப்பனாரை எப்படிக் கிடத்தினார்கள், யார் யார் வந்தார்கள், தம்பி மொட்டை போட்டானா என்பதையெல்லாம் அதிலேயே பார்த்துக்கொண்டார்கள். அதன் இன்னொரு ஊழியம் அவ்வளவு மென்மையானது அல்ல. முகம்கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பியரை ஓரடி இடைவெளியில் நிறுத்திவைக்க அதனால் முடிந்தது. அன்றைக்கு நீ எங்கே நின்றாய், உன் சம்பந்தி ஏன் வரவில்லை என்ற விசாரணைக்கும் பல காலம் கழித்து அதுவே ஆதாரமாயிற்று.

பதினாறாம் நாளுக்குள் அது இன்னொரு வேலையும் பார்த்தது. டச்சிங் செய்யக் கைதேர்ந்தவர் அதிலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, தாடைக்கட்டை அழித்து, மூடிய இமைகளின்மேல் மெல்லிய தூரிகையால் இரண்டு கண்களை வரைந்து, இறந்தவர் பார்த்தேயிராத ஒரு கோட்டும் அங்கவஸ்திரமும் அணிவித்து உயிரோடு இருப்பவராக்கிக் கொடுப்பார். நம் சுவர்களில் சற்றே திடுக்கிட்டாற்போல் விழித்துக்கொண்டிருக்கும் பாட்டன்மார் பலர் இப்படிக் கண் திறந்தவர்கள்தாம். அவர்களையே கும்பிட்டு வளர்ந்தோம். அது பொய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதன் தளர்ச்சி நோயால் வந்ததல்ல, செழிப்பால் வந்தது. அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் எல்லோரும் உயிரோடே எடுத்துக்கொள்ளப் பழகிய பின், இறந்தவரை ஏன் அந்தக் கோலத்தில் எடுக்க வேண்டும் என்ற கூச்சம் வந்தது. சிரித்த முகமாக ஒன்று கொடுங்கள் என்று கேட்கத் தொடங்கினோம். 1960இல் உதகையில் தொடங்கப்பட்டு ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்து தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனமும் நொடித்து, டிஜிட்டல் வந்தபின் மூடப்பட்டது. இன்று தெருமுனைப் பேனரிலும் உறவினர் முகங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒருவர் முகம் கல்யாணத்தில் வெட்டியது, ஒருவருடையது கட்சி அட்டையில் எடுத்தது, ஒருவருடையது செல்பி. அவர்கள் எந்த வெயிலிலும் சேர்ந்து நின்றவர்கள் அல்லர். பழைய படத்தில் ஒவ்வொரு முகத்தின்மேலும் ஒரே பந்தலின் நிழல் விழுந்திருந்தது.

போனதில் மிஞ்சியது கொஞ்சம். கண்ணாடித் தகடுகளைச் சிலர் கழுவி வேறு படங்களுக்கு மூடியாக்கினார்கள், சிலர் அவற்றிலிருந்த வெள்ளிக்காக விற்றார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத் திட்டமொன்றின் துணையோடு ஊர் ஊராகப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிச் சென்று, கிடைத்த தமிழ்க் குடும்பப் படங்களைப் பிரதியெடுத்து வைத்திருக்கிறார்கள். அது பெரிய ஆறுதல்.

அன்னாருக்கு வாரிசுகள் உண்டு. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி மூத்தது. பேனரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் பின்னர் பிறந்தவை. டொரொண்டோவிலும் துபாயிலும் விடிய விடிய விழித்திருந்து பார்க்கிறவர்களுக்கான நேரலை, தபாலில் போன அந்தப் பழைய அட்டையின் வேலையைத்தான் செய்கிறது. குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் யாழ்ப்பாணத்திலும் திறந்த பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுத்துக்கொள்வது இன்னும் முற்றாக நிற்கவில்லை. அங்கே கேமராக்காரர் வந்ததும் யார் தலைமாட்டில் நிற்பது என்ற பேச்சு எழுகிறது, மூத்த மகனை முன்னே வரச் சொல்கிறார்கள், அவர் வருகிறார்.