தனித்து வைக்கப்பட்ட சிம்பன்சி

வாலில்லாக் குரங்கினங்களுள் மனிதனுக்கு மிக நெருங்கிய உறவுடையவை சிம்பன்சியும் அதற்கு நெருங்கிய தனியினமான போனபோவும் ஆகும். ஆப்பிரிக்காவின் நிலநடுக்கோட்டை ஒட்டிய காடுகளே சிம்பன்சியின் தாயகம். அங்கே அது பெருங்கூட்டமாக வாழ்கிறது. பகலிற் சிறு குழுக்களாகப் பிரிந்து கனி தேடும். பின்னர் மீண்டும் கூடும். அந்தி சாய்ந்ததும் மரக்கிளைகளை வளைத்து நாள்தோறும் புதிய படுக்கை அமைத்துக்கொள்ளும். குட்டி ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தாய்ப்பால் உண்கிறது. எந்தக் கனி உண்ணத்தக்கது, எவரிடம் பணிந்து நடக்கவேண்டும், சண்டைக்குப் பின் எவ்வாறு இணங்கிப்போவது என்பனவற்றை அது தன் கூட்டத்தாரிடமிருந்தே கற்கிறது. இத்தகைய பிராணியை மனிதன் கூண்டில் வைத்த வரலாறு நெடியது. அவ்வரலாற்றில் இரும்புக் கம்பிகளினும் கொடியதாக இருந்தது தனிமையே என்பதைச் சில நிகழ்ச்சிகளால் இங்கே காண்போம்.

1913-ஆம் ஆண்டின் இறுதியில் உல்ஃப்காங் கோலர் என்ற ஜெர்மானிய உளநூல் அறிஞர் கானரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீஃபுக்குச் சென்றார். பிரஷ்ய விஞ்ஞானக் கழகம் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவியிருந்தது. முதல் உலகப் போர் மூண்டமையால் 1920 வரையில் அவர் அத்தீவிலேயே தங்கிவிட்டார். அவர் ஆராய்ந்த சிம்பன்சிகளுள் சுல்தான் என்பது பெயர்பெற்றது. கைக்கு எட்டாத தொலைவில் வாழைப்பழம் இருந்தது. கையிலிருந்த இரண்டு மூங்கிற் கழிகளும் தனித்தனியே நீளம் போதாதவை. நெடுநேரம் முயன்று ஓய்ந்த சுல்தான், ஒரு கழியின் முனையை மற்றொன்றின் துளையிற் செருகி நீளமாக்கிப் பழத்தை இழுத்துக்கொண்டது. 1917-இல் வெளிவந்த கோலரின் நூலால் இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. சிம்பன்சியின் அறிவைக் கண்டு யாவரும் வியந்தனர். ஆனால் அதே அறிஞர், தனித்து வைக்கப்பட்ட சிம்பன்சி உண்மையில் சிம்பன்சியே ஆகாது என்றும் கருதினார். அக்கருத்தைப் பின்வந்தோர் பலர் பொருட்படுத்தவில்லை.

அறிவுள்ள பிராணி என்று தெரிந்ததும் அதனை வேடிக்கைப் பொருளாக்கும் ஆசை பிறந்தது. 1926-ஆம் ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சிம்பன்சிக் குட்டிகளின் தேநீர் விருந்து தொடங்கப்பட்டது. குட்டிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து கோப்பையில் தேநீர் அருந்தும். நாளடைவில் அவை மிக நாகரிகமாக அருந்தக் கற்றுக்கொண்டன. கூட்டம் சிரிக்க வேண்டுமே என்பதற்காகக் குறும்பு செய்ய அவற்றுக்குத் தனியே பயிற்சி அளிக்க நேர்ந்ததாம்! 1972 வரையில் இவ்விருந்து நடைபெற்றது. நம் நாட்டாருக்கும் பழக்கமான புரூக் பாண்ட் நிறுவனம் 1956 முதல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஆடை அணிந்த சிம்பன்சிகளைக் கொண்டே தன் தேயிலையை விளம்பரம் செய்தது.

இத்தகைய காட்சிகளில் வந்தவை பெரும்பாலும் குட்டிகளே. வளர்ந்த சிம்பன்சி மனிதனினும் வலிமை மிக்கது. அதனை அடக்கியாள முடியாது. ஆகவே பருவமடைந்ததும் அது மேடையிலிருந்து நீக்கப்படும். அதன் வாழ்நாளோ நீண்டது. தில்லி விலங்குக் காட்சிசாலையில் இருந்த ரீட்டா என்னும் சிம்பன்சி 2019-இல் இறந்தபோது அதற்கு வயது 59. குழந்தைப் பருவத்துச் சில ஆண்டுகளின் வேடிக்கைக்குப் பின் எஞ்சிய பல பத்தாண்டுகளை அப்பிராணி எவ்வாறு கழிக்கும் என்று எண்ணியவர் சிலரே.

ஹாம் என்ற சிம்பன்சியின் வாழ்க்கை இதனைத் தெளிவாக்கும். அது ஆப்பிரிக்காவின் காமரூனிற் பிடிக்கப்பட்டு, அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. விளக்கு ஒளிரும்போது நெம்புகோலை அழுத்த அதற்குக் கற்பித்தார்கள். சரியாக அழுத்தினால் வாழைப்பழ வில்லை கிடைக்கும். தவறினால் உள்ளங்காலில் மின்னதிர்ச்சி தாக்கும். 1961-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அதனை ஏவுகணையில் வைத்து விண்வெளிக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ பதினாறரை நிமிடம் நீடித்த பயணத்தின்போதும் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து, அட்லாண்டிக் கடலில் இறங்கி, உயிருடன் மீண்டது. புறப்படும்வரை 65 என்ற எண்ணாலேயே அது குறிக்கப்பட்டிருந்தது. ஹாம் என்னும் பெயர் அது திரும்பிவந்த பின்னரே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மூன்று மாதங்கள் கழித்து, மே 5-ஆம் நாள், ஆலன் ஷெப்பர்ட் என்ற மனிதர் அதே வழியில் விண்வெளிக்குச் சென்றார்.

திரும்பிய ஹாம் பல்லெல்லாம் தெரிய வாயை விரித்திருக்கும் படம் பத்திரிகைகளில் வெளிவந்தது. வெற்றிப் புன்னகை என்றே அக்காலத்தவர் அதனைப் பாராட்டினர். சிம்பன்சிகளைக் காட்டிலேயே நெடுங்காலம் கூர்ந்து கவனித்த ஜேன் குடால் போன்றோரின் ஆராய்ச்சியால் இன்று உண்மை விளங்கிவிட்டது. அவ்வாறு பல் தெரிய உதடுகளை இழுப்பது சிம்பன்சி பெரிதும் அஞ்சும்போது காட்டும் முகக்குறி. விளையாட்டில் மகிழும்போது அது வாயைத் தளரத் திறக்கும். மேற்பற்களை உதடு பெரும்பாலும் மறைத்திருக்கும்.

1963-இல் ஹாம் வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் விடப்பட்டது. அங்கே 1980 வரை, பதினேழு ஆண்டுகள், தன் இனத்தின் துணையின்றியே வாழ்ந்தது. பின்னர் வட கரோலினாக் காட்சிசாலையில் மற்றச் சிம்பன்சிகளோடு சேர்க்கப்பட்டது. அந்தத் துணையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1983 ஜனவரியில், தன் இருபத்தாறாவது வயதில், அது இறந்தது.

தனிமையும் சோம்பலும் சிம்பன்சியின் நடத்தையையே சிதைக்கின்றன. ஓரிடத்தில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருத்தல், தன் மயிரைத் தானே பிடுங்குதல், கக்கியதை மீண்டும் உண்ணுதல் முதலியன அதன் அறிகுறிகள். ஆறு காட்சிசாலைகளில் வாழ்ந்த 40 சிம்பன்சிகளைப் பற்றி 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அவற்றுள் ஒன்றேனும் இவ்வாறான பிறழ்ச்சிகளிலிருந்து முற்றிலும் தப்பவில்லை என்று காட்டிற்று. அவை நல்ல பராமரிப்பில், துணையோடு இருந்தவை என்பது கருதத்தக்கது. துணை கிடைத்தாலும் கூண்டின் தீங்கு முழுவதும் நீங்குவதில்லை.

ஆயினும் துணை இன்றியமையாதது. நெதர்லாந்தின் ஆர்னெம் நகரத்துக் காட்சிசாலையில் 1971-ஆம் ஆண்டு, நீர் சூழ்ந்த விசாலமான தீவில் பெருங்கூட்டமாகச் சிம்பன்சிகளை வாழவிட்டனர். அங்கே ஆராய்ந்த ஃபிரான்ஸ் டி வால், சண்டையிட்ட இருவர் சிறிது நேரத்துக்குள் நெருங்கிவந்து முத்தமிட்டும் தழுவியும் சமாதானம் செய்துகொள்வதைக் கண்டு எழுதினார். கூட்டுவாழ்வு எப்பொழுதும் இனியது என்பதன்று. 1980-இல் அங்கேயே லூயிட் என்ற ஆண் சிம்பன்சியை வேறு இரண்டு ஆண்கள் இரவு அடைப்பிடத்தில் தாக்க, அது காயங்களால் உயிர் துறந்தது. காட்டில் தோற்றவன் விலகி ஓட இடம் உண்டு. அடைத்த அறையில் அவ்விடம் இல்லை. ஆகவே துணையோடு ஒதுங்க இடமும் தேவை என்பது அங்கே கற்ற பாடம்.

இப்பாடங்கள் மெல்ல மெல்லச் சட்டத்தையும் எட்டின. நியூசிலாந்து 1999-இல் பெருங்குரங்குகளின் மீதான சோதனைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் சிம்பன்சிகளுட் பெரும்பாலானவற்றுக்குச் சோதனையிலிருந்து ஓய்வளிக்க 2013-இல் முடிவு செய்து, எஞ்சியவற்றையும் 2015-இல் விடுவிக்கத் தீர்மானித்தது. லூசியானா மாநிலத்துப் புகலிடத்தில் அத்தகைய பல சிம்பன்சிகள் கூட்டமாக வாழ இடம் பெற்றன. அர்ஜென்டினாவின் மெந்தோசா நகரில் தன் தோழர்களை இழந்து தனித்திருந்த செசிலியா என்னும் சிம்பன்சிக்காக ஆட்கொணர்வு மனு தொடுக்கப்பட்டது. அதுவும் உரிமையுடைய உயிரே என்று 2016-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அது பிரேசில் நாட்டுப் புகலிடத்துக்கு அனுப்பப்பட்டது.

நம் நாட்டிலும் இச்செய்திக்குத் தொடர்பு உண்டு. கொல்கத்தாவில் வனவிலங்குக் கடத்தல் வழக்கில் ஒரு வீட்டிலிருந்து மீட்கப்பட்ட மூன்று சிம்பன்சிகள் அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையிற் சேர்க்கப்பட்டன. 2019-இல் அமலாக்கத் துறை அவற்றைக் குற்றம்சாட்டப்பட்டவரின் உடைமையாகக் கணக்கிட்டு முடக்கியது. ஒரு நாட்டு நீதிமன்றத்தில் உரிமையுடைய உயிர். மற்றொரு நாட்டு அலுவலகப் பதிவில் உடைமை. சட்டம் செல்லவேண்டிய தொலைவை இவ்விரண்டும் காட்டுகின்றன. எனினும் மூன்றும் சேர்ந்தே இருந்தன என்பது ஓர் ஆறுதல்.

தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் விடுமுறை நாளிற் குழந்தைகளுடன் விலங்குக் காட்சிசாலைக்குச் செல்வதுண்டு. சிம்பன்சி பல்லை இளித்தால் அது சிரிக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லாதிருப்போம். தின்பண்டம் வீசுவதையும் கூச்சலிடுவதையும் தவிர்ப்போம். அதற்குத் துணை உண்டா, ஏறி விளையாட மரம் உண்டா, மக்கள் பார்வையிலிருந்து ஒதுங்க இடம் உண்டா என்று கவனிப்போம். இல்லையேல் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். பதினேழு ஆண்டுகள் தனித்திருந்த ஹாமுக்காக அவ்வாறு கேட்டவர்கள் போதிய அளவில் இல்லை.